காற்று ஒத்துக்கொள்ளாத வருஷம்

நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் மற்ற நாற்காலிகள் எல்லாம் பிளாஸ்டிக். இது மட்டும் யார் வீட்டிலிருந்தோ தூக்கி வந்த மெத்தை நாற்காலி, முதுகுக்குப் பூத்துண்டு போட்டிருந்தார்கள். உட்கார்ந்த உடனே ஜெசிந்தாவுக்கு முதுகு வியர்த்தது. எதிர்ச் சுவரில் அவள் படம் போட்ட பேனர். பத்து வருஷத்துக்கு முந்தைய முகம், ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்திருப்பார்கள், பெரிதாக்கியதில் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதன் கீழே, மழையை முன்கூட்டியே அறிந்து உப்பைக் காத்த மண்ணின் மகளே வருக. வந்தாயிற்று. வராமல் இருந்திருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், நேற்று ரயில் ஏறும்வரை அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தாய். வேறு பக்கம் பார்க்கலாம் என்றால் வேறு பக்கமெல்லாம் ஆட்கள், அத்தனை பேரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கீழத்தரவை உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் மைக்கைப் பிடித்து, வந்திருந்தவர்களை ஒவ்வொரு பெயராக வரவேற்றுக்கொண்டிருந்தார். அது முடிந்தால் தலைவர் பேசுவார். தலைவர் முடித்தால் பொன்னாடை. பொன்னாடைக்குப் பிறகு நீ. நீ என்ன சொல்கிறாயோ அதை வைத்து, இந்த வருஷம் உப்பளங்களில் எந்த மாதம் வேலையை நிறுத்துவது என்று இதே கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி காலையில் ரயில் நிலையத்திலிருந்து காரில் அழைத்து வரும்போதே சொல்லிவிட்டார். நீங்க மாசத்த மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்.

மாசத்தை மட்டும். போன வருஷமும் அதைத்தான் கேட்டார். அப்போது கூட்டம் எதுவும் இல்லை, ஒரு போன்தான். கோடை ஏறிக்கொண்டிருந்த நேரம், சென்னை அலுவலகத்து கேன்டீனில் தயிர்சாதத்தைப் பாதி சாப்பிட்டிருந்தாள். யாரோ தவசிமுத்துவாம், பெரியப்பா மகனிடம் நம்பர் வாங்கினாராம், நானும் நம்ம ஊருதாம்மா என்றார். நம்ம ஊரு என்ற சொல்லிலேயே பாதி விழுந்துவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. இத்தனை வருஷம் பசிபிக் சமுத்திரத்தைப் படித்தவளிடம் ஊரில் ஒருத்தர் பசிபிக்கைப் பற்றிக் கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் கேட்பார்கள், கடல் ஆராய்ச்சின்னா என்னது, மீனா? மீன் இல்லை என்று சொன்னதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும், பிரியாணிப் பந்தி எத்தனையாவது என்று கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இப்போது ஒரு மனிதர், மெய்யாகவே காரியமாக, எல் நினோ வருதாமே, நமக்கு மழை எப்படி என்று கேட்கிறார். தயிர்சாதம் காய்ந்தது. அவள் நின்றபடியே சொன்னாள். எல் நினோ உருவாக அறுபது சதவீதம் வாய்ப்பு. வட இந்தியாவில் அதற்கு வறட்சி என்று பெயர், நம் கரையில் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர், ஐப்பசி கார்த்திகை மழை பலமாக இருக்கும். முந்தியே வருமா என்றார். வரலாம் என்றாள். வரலாம் என்று சொல்ல அவளிடம் என்ன ஆதாரம் இருந்தது. ஒன்றும் இல்லை, அவர் கேட்ட தொனிக்கு அந்த பதில் பொருத்தமாக இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்லா அம்மா" என்றார். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு. செயலாளர் யாரோ ஒரு முன்னாள் பொருளாளரின் பெயரை விட்டுவிட்டு, கீழிருந்து கை காட்டியதும் திரும்பப் போய் வரவேற்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நீயும் சிரித்தாயிற்று. எத்தனை எளிதாக வருகிறது. அது மார்க் இல்லை அண்ணாச்சி, பாஸ் ஃபெயில் இல்லை, இதே மாதிரி பத்து வருஷம் இருந்தால் நாலு வருஷத்தில் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம், அதிலும் கோடையில் சொல்லும் கணிப்பு எப்போதும் நம்பத்தகாதது, நாங்களே எங்களுக்குள் அதை நம்புவதில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம் அந்த மனிதரின் குரலில் உற்சாகம் குறைந்திருக்கும். அதைத் தாங்க முடியாமல் சிரித்தாயா, அல்லது அவர் உன் ஊர்ப் பேச்சில் ஒரு நையாண்டி செய்தது உனக்கு அவ்வளவு சுகமாக இருந்ததா. சுகமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை இந்திரஜித்திடம் போய் அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. நீங்க திருத்தினீங்களா மேடம் என்று கேட்டான். திருத்தினேன் என்றாள்.

பசிபிக்கை ஒரு பெரிய உப்புப் பாத்தி என்று வைத்துக்கொண்டால் சொல்லிவிடலாம், இங்கே கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது சட்டென்று புரியும். வருஷமெல்லாம் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசி, மேல்மட்டத்து வெந்நீரை இந்தோனேசியா பக்கமாக ஒதுக்கி வைக்கிறது, பலகையால் தள்ளித் தள்ளி ஒரு மூலையில் சேர்ப்பது போல. சில வருஷம் அந்தக் காற்று தளரும். ஒதுங்கிக் கிடந்த வெந்நீர் கிழக்கே சரியும். வெந்நீர் போன இடத்துக்கு மேகம் போகும். மேகம் இடம் மாறியதால் காற்று இன்னும் தளரும், காற்று தளர்ந்ததால் வெந்நீர் இன்னும் சரியும். கடல் காற்றை மாற்ற, காற்று கடலை மாற்ற, ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டுத்தான் எல் நினோ. கடல் மட்டும் சூடானால் போதாது, காற்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய சொல்தான், மாணவர்களிடம் அப்படித்தான் சொல்வாள். போன வருஷம் கடல் சூடானது. அவள் சொன்ன மாதிரியே, சொன்ன அளவுக்கே சூடானது, செயற்கைக்கோள் படத்தில் பெரு நாட்டுக் கரையிலிருந்து சிவப்பு நாக்கு நீண்டுகொண்டே போனது. காற்று அசையவில்லை. வாரா வாரம் அளவு வரும், வாரா வாரம் காற்று எப்போதும் போலவே வீசிக்கொண்டிருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபத்துக்கு வந்துட்டாங்க மேடம், மாப்பிள்ளை வீட்டுல இன்னும் ஒருத்தரும் பஸ் ஏறல என்று இந்திரஜித் சொன்னான். வராந்தாவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும். ஆடி மாதம் முடியும்போது தெரிந்துவிட்டது, இந்த வருஷம் காற்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை. போன் மேஜையில்தான் இருந்தது. தவசிமுத்து அண்ணாச்சி, உப்பு என்று பதிந்து வைத்திருந்தாள். எடுத்துப் பேச வேண்டியதுதான். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். காற்று கடைசி நேரத்தில் மாறியதும் உண்டு. இன்னும் ஒரு வாரம். அதை நம்பினாயா? நம்ப வேண்டும் என்று இருந்தது.

செயலாளர் முடித்துவிட்டார். அண்ணாச்சி எழுந்து, வேட்டி நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு மைக்குக்குப் போகிறார். பெரிய உடம்பு, சின்னக் குரல். போன வருஷக் கதையை ஆரம்பிக்கிறார். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாவ, நாங்க ஆவணி பிறந்ததும் வேலையை நிறுத்தி, உப்பைக் குவித்து, பனையோலை போட்டு மூடிவிட்டோம், அக்கம்பக்கத்து அளத்துக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். ஆவணி எரிந்தது, புரட்டாசி எரிந்தது, ஐப்பசியிலும் ஒரு துளி இல்லை, உப்பு விளைய அப்படி ஒரு வெயில் பல வருஷமாக அடிக்கவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். சென்னையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது கையில் இருந்த டீ கசந்தது. பக்கத்து அளங்களில் மழை இல்லையே என்று மூடியதையும் திறந்து மறுபடி வாரினார்கள். பிறகு கார்த்திகையில், குமரிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. பக்கத்து அளத்து உப்பெல்லாம் வந்த வழியே கடலுக்குப் போனது. இங்கே ஓலைக்கு அடியில் உப்பு அம்பாரம் அப்படியே இருந்தது. அதற்கும் பசிபிக்குக்கும் என்ன சம்பந்தம். தலைக்கு மேல் ஓடும் இந்த மின்விசிறிக்கும் பசிபிக்குக்கும் உள்ள சம்பந்தம்தான். அவள் சொன்ன மழை வரவே இல்லை. வேறு ஒரு மழை, வேறு ஒரு வழியாக, அவள் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் போனில் அண்ணாச்சியின் குரல் தழுதழுத்தது, எங்க குலசாமிம்மா நீங்க. நன்றி என்றாள். நன்றி என்று ஒரு சொல், அதற்கும் இந்த மேடைக்கும் இடையில் எத்தனை மாதம், எத்தனை போன், ஒரு தடவையாவது திருத்தினாயா.

கைதட்டுகிறார்கள். கைதட்டியதும் அண்ணாச்சிக்குக் குரல் ஏறுகிறது. அவள் சொன்ன ஒரு வார்த்தை இப்போது இரண்டு வார்த்தையாகிறது, அவள் தேதியே குறித்துக் கொடுத்தாள் என்கிறார். இன்னும் பலமாகக் கைதட்டல். முதல் வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டுகிறார், அவர் தலையாட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் ஆட்டுகிறார், அதைப் பார்த்து அண்ணாச்சி, விஞ்ஞானி மட்டுமில்ல, தீர்க்கதரிசி என்கிறார். ஜெசிந்தா உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது. இங்கே காற்று ஒத்துக்கொண்டுவிட்டது. அங்கே ஒரு சமுத்திரம் முழுக்க நடக்காதது இந்தக் கொட்டகைக்குள் நடந்துகொண்டிருக்கிறது, இவர் புகழ அவர்கள் தட்ட, அவர்கள் தட்ட இவர் புகழ, நடுவில் மெத்தை நாற்காலியில் சூடேறிக்கொண்டு நீ. இதற்கு நான் அறுபது சதவீதம் கூடக் கொடுத்திருக்க மாட்டேன். எழுந்து நின்று கையைக் காட்டி நிறுத்தினால் என்ன. அடக்கம் என்பார்கள். அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள், போட்டோ எடுப்பார்கள்.

பக்கச் சுவரோரம் பெண்கள் நின்றிருந்தார்கள். உப்பளத்து வேலைக்காரிகள், விழாவுக்காக அரை நாள் விடுப்பு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள், நாற்காலி போட இடமில்லை. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வந்ததிலிருந்து பார்க்காமல் இருந்தவள், இப்போது பார்த்துவிட்டாள். மஞ்சள் சேலையில் சுடலைவடிவு. கையில் தட்டு, தட்டில் பொன்னாடை. காலையில் நேராக ஊருக்குள் போகாமல் அண்ணாச்சி காரை அளத்துக்குத் திருப்பினார், நீங்க காப்பாத்துன இடத்தப் பாக்காண்டாமா. வெயில் வெள்ளையாக அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்தியில் முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு வாரிக்கொண்டிருந்தவளை அவர் கரைக்குக் கூப்பிட்டார். இவதாம்மா உங்களுக்குப் பொன்னாடை போடப் போறா, பொம்பளைக்குப் பொம்பளைதான் மரியாத செய்யணும், சங்கத்து முடிவு. அவள் காலில் ஒட்டியிருந்த உப்பு வெயிலில் மினுங்கியது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, போன வருஷம் எப்படி இருந்தது என்று ஜெசிந்தா கேட்டாள். ஏன் கேட்டாய். நல்லா இருந்தது என்று சொல்வாள் என்று நினைத்துக் கேட்டாய். அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள், அவர் போன் பேசத் தள்ளிப் போயிருந்தார். ஆவணியிலயே வேல நின்னு போச்சுல்லாம்மா என்றாள். வருசா வருசம் ஐப்பசி வர வாருவோம். போன வருசம் அடிச்ச வெயிலுக்குக் கார்த்திக வரைக்கும் வாரிருக்கலாம். சும்மா உக்காந்து வெயிலப் பாத்துக்கிட்டு இருந்தோம். மூத்தவ நர்சிங் படிச்சிட்டிருந்தா, அப்பந்தான் நின்னா, இப்பம் எறா கம்பெனிக்குப் போறா. குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மழை அடித்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி. அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார், இவ வாயத் தொறந்தா மூடமாட்டா என்றார், அவள் சிரித்தாள், அவர் சிரித்தார், ஜெசிந்தா. ஜெசிந்தாவும்தான்.

எறால் கம்பெனியில் ஐஸில் கை வைத்து நாளெல்லாம் தோல் உரிக்க வேண்டும். மூத்தவளின் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெயரும் கூட வந்து அந்தச் சுவரோர வரிசையில் நின்றிருக்கும். உப்பைக் காத்த மண்ணின் மகள். யாருடைய உப்பு. அளத்துக்காரர்களுக்குப் பக்கத்து உப்பெல்லாம் கரைந்ததில் விலை ஏறியது, இழந்த இரண்டு மாத விளைச்சலுக்கும் சேர்த்து வந்துவிட்டது, அதனால்தான் மெத்தை நாற்காலி. அவர்கள் கணக்கில் நீ தப்பே செய்யவில்லை. தப்பு எல்லாம் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறது, தட்டோடு.

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். எழுந்தாள். சுடலைவடிவு மேடைப் படியில் ஏறி வந்து பொன்னாடையை விரித்துத் தோளில் போட்டாள். புதுத் துணியின் கஞ்சி வாடை, ஜரிகை கழுத்தில் குத்தியது. போட்டோக்காரர் கையை ஆட்டினார், ஃபிளாஷ் வரல, இன்னொரு தடவ. சுடலைவடிவு பொன்னாடையை எடுத்தாள். தோள் காலியானது. அந்த ஒரு கணம் போதும் என்று தோன்றியது, இப்படியே விட்டால் போதும், யாராவது விளக்கை அணைத்தால் கூடப் போதும். சுடலைவடிவின் விரல் ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளை பூத்திருந்தது. மறுபடி போடக் குனிந்தபோது காதருகில் மெல்லக் கேட்டாள். "இந்த வருசம் எப்பம்மா நிறுத்தச் சொல்லப் போறிய? எளையவள பிளஸ் டூ முடிச்சதும் எதுல சேக்கன்னு பாக்கணும்." ஃபிளாஷ் அடித்தது. படத்தில் என் முகம் எப்படி விழுந்திருக்கும். கேட்டதற்கு பதில் சொல்வதற்குள் அவளைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். படத்தில் வந்தாயிற்று, அவள் வேலை முடிந்தது.

இந்த வருஷமும் கடல் சூடாகிறது. கணிப்பு அறுபத்தைந்து. காற்று இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, வைகாசியில் அது சொல்லவும் சொல்லாது. ரயிலில் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தாள். நிகழ்தகவு, நிச்சயமின்மை, பல காரணிகள். யாரும் தப்பு சொல்ல முடியாத பேச்சு, யாருக்கும் ஒன்றும் புரியாத பேச்சு. அதைப் பேசிவிட்டு இறங்கினால் அண்ணாச்சி ஆவணி என்பார், நான் மாசம் சொல்லவில்லையே என்று சென்னைக்குப் போய்ச் சேரலாம். இந்திரஜித் கேட்டால் திருத்தினேன் என்று சொல்லலாம். மைக் வாய் உயரத்துக்கு மேலே இருந்தது, யாரோ ஓடி வந்து இறக்கினார்கள். வணக்கம் என்றாள். கொட்டகையின் தென்கிழக்கு ஜன்னலில் கடற்காற்று அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. தரை சுட்டதும் கடல் காற்றை அனுப்பிவிடுகிறது, தினமும், யாரும் கேட்காமல். பேனரில் பழைய முகம் உப்பி உப்பி அடங்கியது.

போன வருஷம் நான் சொன்னது நடக்கவில்லை என்றாள். மழை பெய்தது, ஆனால் நான் சொன்ன காரணத்தால் பெய்யவில்லை. குருட்டாம்போக்கில் ஒத்துப்போனது. ஆடியிலேயே எனக்குத் தெரியும், போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முதல் வரிசைப் பெரியவர் கைதட்டினார். அதைக் கேட்டு எல்லோரும் தட்டினார்கள். அண்ணாச்சி பக்கவாட்டு மைக்கில் குனிந்து, "பாத்தியளா, படிச்சவியளோட அடக்கத்த. இந்த வருசம் எத்தனம்மா?" என்றார். அறுபத்தைந்து என்று வாய் சொல்லிவிட்டது. அறுபத்தைந்து என்றால் தெரியாது என்று அர்த்தம் அண்ணாச்சி என்று அவள் சேர்ப்பதற்குள் அவர், போன வருசத்த விட அஞ்சு மார்க்கு கூட, அப்பம் ஆவணிதான் என்றார். சிரிப்பு. அவளுக்கும் உதடு விரிய ஆரம்பித்தது, பழக்கம், விரிவதை அவளே உணர்ந்தாள், பல்லைக் கடித்து மூடினாள். சிரிப்பு அடங்கும் இடத்தில் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுடலைவடிவு வெற்றுத் தட்டை இடுப்பில் இடுக்கியபடி நின்றிருந்தாள்.

"தெரியலன்னா என்னம்மா செய்யணும்? நிறுத்தணுமா, நிறுத்தாண்டாமா?"

இதற்குப் பாடத்தில் பதில் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் விஞ்ஞானம், மீதியை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். மற்றவர்கள் என்றால் மேடையில் இருப்பவர்கள். சுவரோரம் நிற்பவர்கள் இல்லை. தெரியாத ஒன்றுக்காக யார் சும்மா உட்கார வேண்டும் என்பதுதான் கேள்வி, அதைப் போன வருஷமும் நீதான் முடிவு செய்தாய், ஒரு சிரிப்பில். அண்ணாச்சி முகத்தில் இன்னும் பழைய சிரிப்பு மிச்சம் இருந்தது. "நிறுத்தாண்டாம்," என்றாள். ஊரை விட்டுப் போன பிறகு அவள் வாயில் வராத சொல். "என் பேச்சக் கேட்டு நிறுத்தாண்டாம். தாழ்வு வந்தா நாலஞ்சு நாள் முன்னாடி உறுதியாத் தெரியும், அத நான் போன் பண்ணிச் சொல்லுதேன். அதுவரைக்கும் வேல நடக்கட்டும்."

அண்ணாச்சியின் கை மைக்கைப் பிடித்தபடியே நின்றது. முதல் வரிசையில் ஒருவர், ஓலை போட நாலு நாள் போதும்லா அண்ணாச்சி என்று இழுத்தார். பாப்போம், சாப்பிட்டுட்டுப் பேசுவோம் என்றார் அவர், அவளைப் பார்க்காமல். பொன்னாடைக்குள் முதுகு நனைந்திருந்தது, எடுத்துவிடலாமா என்று தெரியவில்லை. ஜெசிந்தா சுவர்ப் பக்கம் பார்த்தாள். எதை எதிர்பார்த்துப் பார்த்தாள் என்று பிற்பாடு அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுடலைவடிவு தட்டை இடுப்பு மாற்றி இடுக்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. குடையை மறந்து வைத்துவிட்டு வந்த ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"இதப் போன வருசமே சொல்லிருக்கலாம்லா."

அதற்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை.